சிட்சை: விலாசம் மாறி வந்த கடிதம்

சேரியில் பிறந்த கிறித்தவப் பிள்ளைக்கு ஞாயிறு பள்ளியிலேயே பழகிவிடும் சொல் ‘சிட்சை’. எபிரெயர் நிருபம் 12ஆம் அதிகாரம். அன்புள்ள தகப்பன் பிள்ளையைக் கண்டித்து வளர்ப்பான், கடவுளும் தம் மக்களை அப்படித்தான் நடத்துகிறார், அதனால் சோர்ந்து போகாதே என்பது அதன் சாரம். நல்ல போதனைதான். ஆனால் அது பிரசங்க மேடையிலிருந்து இறங்கி நம் தெருவுக்கு வரும்போது என்னவாகிறது? அப்பாவுக்கு வேலை போனால் சிட்சை. தங்கைக்குச் சாதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டால் சிட்சை. கல்லறைக்குப் போகும் வழியை ஊர்க்காரர்கள் மறித்தால், அதே கோயிலில் அதே அப்பத்தைப் பிட்டு உண்ணும் ஊர்க்காரர்கள் மறித்தால், அதுவும் சிட்சை. முறுமுறுக்காதே, முறுமுறுத்தவர்கள் வனாந்தரத்திலேயே மாண்டார்கள் என்று ஒரு எச்சரிக்கையும் இலவச இணைப்பாக வரும்.

‘நாங்கள் மதத்தை விட்டே போய்விட்டோம், இதையெல்லாம் எதற்குப் பேச வேண்டும்’ என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் அம்மா போகவில்லை. போராட்டத்துக்குக் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போகும்போது, பூட்டிய கதவுக்குப் பின்னால் இந்த ஒரு சொல்தான் தாழ்ப்பாளாக இருக்கிறது. ‘ஆண்டவர் அனுமதிச்சதுப்பா, நாம என்ன பண்ண முடியும்’ என்று ஒரு அத்தை சொல்கிறார். அவரிடம் மார்க்ஸை எடுத்துக்கொண்டு போய்ப் பயனில்லை, பெரியாரை எடுத்துக்கொண்டு போனால் கதவே திறக்காது. அவர் கையில் இருக்கும் அதே வேதாகமத்தைத் திறந்து பேச வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கடவுள் சிட்சிக்கிறார் என்ற போதனையை நாம் மறுக்கப் போவதில்லை. அந்தக் கடிதம் உண்மையானது, ஆனால் விலாசம் மாற்றிப் பட்டுவாடா செய்யப்பட்டிருக்கிறது என்றுதான் சொல்கிறோம். மேலத்தெருவுக்கு வந்த தபாலைப் பல தலைமுறைகளாகச் சேரியில் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். எபிரெயர் நிருபத்தின் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் ‘பைதேயா’. பிள்ளை வளர்ப்பு, கல்வி, பயிற்சி என்பவை அதன் முதன்மையான பொருள்கள். பி.எட். படிக்கும் தம்பி தங்கைகள் ‘பெடகாஜி’ என்று ஒரு பாடம் படிப்பீர்களே, அதன் முதல் பாதியும் இதே குடும்பம்தான். நம் ‘சிட்சை’யும் வடமொழி வழியாகக் கற்பித்தல் என்ற பொருளோடுதான் தமிழுக்கு வந்தது. நாளடைவில் பிரம்பு மட்டும் மிஞ்சிப் பாடம் காணாமல் போயிற்று. பாடம் சொல்லித் தராத அடிக்கு எந்த மொழியிலும் வேறு பெயர்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு சபையைக் கடவுள் சிட்சித்தார் என்று பவுல் வெளிப்படையாகக் காரணம் சொல்லி எழுதிய இடம் எது? கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், 11ஆம் அதிகாரம், 17 முதல் 34 வரை. திருவிருந்து அன்று ‘உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்’ என்ற பொருளில் வாசிப்பார்களே, அந்தப் பகுதிதான். பெரும்பாலும் 23ஆம் வசனத்தில் தொடங்குவார்கள். அதற்கு முந்திய ஆறு வசனங்களைத் தாண்டிவிடுவார்கள். தாண்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஆறு வசனங்களில்தான் கொரிந்து சபையின் பந்தி விவகாரம் வருகிறது. வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திக்கொண்டு தின்று குடித்து வெறித்திருக்கிறார்கள். இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படிச் செய்து இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களே, தேவனுடைய சபையை அசட்டை செய்கிறீர்களா என்று பவுல் சீறுகிறார். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய விருந்தே இல்லை என்கிறார். உங்களில் பலர் பலவீனராகவும் நோயாளிகளாகவும் கிடப்பதும் சிலர் இறந்துபோனதும் இதனால்தான் என்கிறார். கர்த்தர் நம்மைச் சிட்சிக்கிறார் என்ற பேச்சு அடுத்த மூச்சில், 32ஆம் வசனத்தில் வருகிறது.

இதை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். சிட்சை வந்தது பசியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்காக. அவர்கள் மேல் அல்ல. பந்தியைப் பிரித்த சபை அந்தக் குற்றத்துக்காகத் திருத்தப்படுகிறது.

தமிழ் நாட்டுத் திருச்சபை வரலாற்றில் பந்தி எப்படி இருந்தது என்று தெரிந்தவர்களுக்கு இங்கே உடம்பு சிலிர்க்க வேண்டும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தஞ்சாவூர், திருச்சி, சென்னை வேப்பேரி சபைகளில் வேளாளக் கிறித்தவர்களுக்கு ஒரு பக்கம், ஒடுக்கப்பட்டவர்களுக்கு மறுபக்கம். நற்கருணையும் அவர்களுக்குப் பிறகுதான் நமக்கு. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனடியாக, முழுமையாக விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். என்ன நடந்தது? மனந்திரும்பினார்களா? பெரும் பகுதியினர் சபையை விட்டு வெளியேறினார்கள். சாதியை ‘சமூக வழக்கம்’ என்று பொறுத்துக்கொண்ட லைப்சிக் லுத்தரன் மிஷனில் பலர் போய்ச் சேர்ந்தார்கள். கண்டிக்கிற தகப்பன் வேண்டாம், கண்டுகொள்ளாத தகப்பன் போதும் என்று வீடு மாறினார்கள். சிட்சையை அசட்டை செய்வது என்றால் என்ன என்று எபிரெயர் நிருபத்துக்கு விளக்கவுரை எழுத நினைப்பவர்கள் இதைவிட நல்ல உதாரணத்தை எங்கும் தேட வேண்டாம்.

கத்தோலிக்கர்கள் மட்டும் குறைவா? வடக்கன்குளம் கோயில் 1872இல் கட்டப்பட்டபோது, பீடத்திலிருந்து இரண்டாகப் பிரியும் கால்சட்டை வடிவத்தில் கட்டினார்கள். ஒரு காலில் வேளாளர், இன்னொரு காலில் நாடார். சாமியாருக்கு இருபுறமும் தெரியும், இவர்களுக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கட்டடக் கலைக்கே சாதி கற்றுக்கொடுத்த சாதனை அது. 1910இல் பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது. அதற்கும் மனந்திரும்புதல் வரவில்லை, வழக்குதான் வந்தது. உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் ஒரு சுவர் எழுப்பினார்கள். உயிர்த்தெழுதலின் நாளில் எந்தப் பக்கத்துக் கல்லறை முதலில் திறக்க வேண்டும் என்று எக்காளம் ஊதும் தூதருக்கே முன்கூட்டிச் சொல்லிவைத்திருக்கிறார்கள் போலும்.

எறையூரை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். 2008 மார்ச் 9. பொதுத்தெரு வழியாகத் தங்கள் சவங்களைக் கொண்டுபோக முடியாத தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அதையொட்டி வெடித்த கலவரத்தில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். இறந்த இருவரும் வன்னியக் கிறித்தவர்கள். அந்த இரண்டு குடும்பங்களின் கண்ணீரை நாம் கேலி செய்ய மாட்டோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். நம் தெருவில் ஒரு மாடு செத்தால்கூட ‘ஆண்டவர் ஏதோ பேசுகிறார்’ என்று சொல்லும் மேடைகள், அன்றைக்கு ஊர்த்தெருவைப் பார்த்து ‘ஆண்டவர் உங்களோடு ஏதோ பேசுகிறார்’ என்று சொல்லினவா? அங்கே மட்டும் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

சிட்சைப் பிரசங்கத்துக்கு எதிராக வேதாகமத்திலேயே ஒரு முழுப் புத்தகம் இருக்கிறது. யோபு. எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் ஒருவனிடம் மூன்று நண்பர்கள் வருகிறார்கள். முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் கூட உட்காருகிறார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். பிறகு எலிப்பாஸ் பேச ஆரம்பிக்கிறான். 5ஆம் அதிகாரத்தில், கடவுள் தண்டித்துத் திருத்துகிற மனிதன் பாக்கியவான், சர்வவல்லவரின் சிட்சையை வெறுக்காதே என்று புத்தி சொல்கிறான். நமக்குச் சொல்லப்படும் அதே பிரசங்கம். யோபு அதை ஏற்கவில்லை. நான் செய்த குற்றம் என்ன, காட்டு என்று கடவுளிடமே வழக்காடுகிறான். புத்தகத்தின் முடிவில் கடவுள் யாருக்குச் சாதகமாகப் பேசுகிறார்? 42ஆம் அதிகாரம் 7ஆம் வசனம்: என்னைக் குறித்து யோபு பேசியதே சரி, நீங்கள் பேசியது சரியில்லை என்று எலிப்பாஸ் மேலும் அவன் கூட்டாளிகள் மேலும் கோபம் கொள்கிறார். ஏழு காளை, ஏழு கடாவோடு போய் யோபுவை உங்களுக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று அனுப்பிவைக்கிறார்.

எலிப்பாஸ் சொன்ன வார்த்தை தவறா? நீதிமொழிகளிலும் அது இருக்கிறது, எபிரெயர் நிருபமும் நீதிமொழிகளை எடுத்துத்தான் பேசுகிறது. வார்த்தை சரி, சொன்ன ஆளிடம் சொன்னதுதான் தவறு. சாம்பலில் இருப்பவனிடம் சொன்னான். காயத்தைப் பார்த்தவுடன் குற்றப்பத்திரிகை எழுதினான். இந்த வழக்கத்தை இயேசுவும் ஒப்புக்கொள்ளவில்லை. பிறவியிலேயே குருடனாக இருந்தவனைக் காட்டி இவன் பாவமா, இவன் பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்றார். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று திருப்பிக் கேட்டார். பிறப்பையும் துன்பத்தையும் முடிச்சுப் போட்டு, உன் நிலைக்கு நீயே காரணம் என்று சொல்லும் தத்துவத்துக்கு நம் நாட்டில் ஒரு பெயர் இருக்கிறது. கர்மா. அதிலிருந்து தப்பிக்கத்தான் நம் முன்னோர் ஞானஸ்நானத் தண்ணீரில் இறங்கினார்கள். தண்ணீரிலிருந்து ஏறும்போது அதையே வேறு பெயரில் துவட்டிக்கொள்ளக் கொடுத்தார்கள்.

அம்பேத்கர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். மதம் மாறியவர்களின் நிலை பற்றி அவர் எழுதி வைத்த கட்டுரை அவர் மறைவுக்குப் பிறகே அச்சில் வந்தது. ஆங்கிலத் தொகுப்பின் 5ஆம் தொகுதியில் இருக்கிறது, தேடிப் படியுங்கள். அவருடைய வாதம் இது: தான் தாழ்த்தப்பட்டது தவறான சமூகச் சூழலால் என்று தீண்டத்தகாதவன் நினைக்க முடியும், அந்தச் சூழலை மாற்ற அவனுக்கு ஒரு வேகம் வரும். கிறித்தவனானதும் உன் வீழ்ச்சிக்கு உன் பாவமே காரணம் என்று சொல்லப்படுகிறது, அதோடு அந்த வேகம் அணைந்துவிடுகிறது. அவர் கிறித்துவை வெறுத்து இதை எழுதவில்லை. இந்தியக் கிறித்தவர்கள் தங்களுக்கு இழைக்கப்படும் அநீதிக்கு எதிராக ஏன் ஒரு சமூகமாகத் திரண்டு எழவில்லை என்ற ஆதங்கத்தில் எழுதினார். அந்தக் கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

யாத்திராகமத்தைத் திறந்தாலும் இதே கதைதான். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் கூக்குரலிட்டபோது, இது உங்களுக்கு நான் கொடுக்கும் சிட்சை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கடவுள் சொல்லவில்லை. கூக்குரலைக் கேட்டேன் என்று இறங்கி வந்தார். வாதைகள் பார்வோன் வீட்டுக்குப் போயின. தகப்பன் பிள்ளையைச் சிட்சிப்பது போல என்ற பேச்சு உபாகமம் 8ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. அப்போது அவர்கள் செங்கடலைத் தாண்டி 40 வருடம் ஆகியிருந்தது. முதலில் விடுதலை, பிறகுதான் பயிற்சி. சங்கிலியோடு கட்டிவைத்துக்கொண்டு நடத்துவதற்குப் பயிற்சி என்று பெயரில்லை. அந்தப் பயிற்சியிலும் மன்னா கொடுத்தார், அவர்கள் உடுத்திய துணி பழசாகவில்லை, கால் வீங்கவில்லை என்று அதே அதிகாரம் கணக்குச் சொல்கிறது. சோறு போட்ட தகப்பன் கண்டிக்கிறான். நமக்குச் சிட்சையைப் பிரசங்கிப்பவர்கள் மன்னாவை எந்தத் தெருவில் பங்கிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். வர வேண்டும், அது நேர்மையான வாதம். ‘எபிரெயர் நிருபம் யாருக்கு எழுதப்பட்டது? சொத்துகள் பறிக்கப்பட்டு, பொது இடத்தில் அவமானப்படுத்தப்பட்டு, சிறைப்பட்டவர்களோடு துணை நின்ற ஒரு சபைக்கு. 10ஆம் அதிகாரத்தில் அதெல்லாம் இருக்கிறதே. அப்படித் துன்பப்பட்டவர்களிடம்தானே இதைச் சிட்சையாக எண்ணித் தாங்குங்கள் என்று சொல்கிறார்? அப்படியானால் உங்களுக்கும் பொருந்தாதா?’

பொருந்துகிற இடம் இருக்கிறது. அந்த மக்கள் ஒரு நிலைப்பாடு எடுத்ததால் அடிபட்டார்கள். அடித்தவர்கள் செய்தது நியாயம் என்று அந்த நிருபத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. கடவுள் அந்த அடியையும் வீணாக விடமாட்டார், அதிலிருந்தும் உங்களைப் பலப்படுத்துவார் என்கிறது. இதைச் சொல்பவர் அடிபட்டவர்களின் பக்கத்தில் நின்று சொல்கிறார். யோசேப்பின் கதை தெரியும் அல்லவா? அண்ணன்மார் குழியில் தள்ளி விற்றுப் போட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, நீங்கள் எனக்குத் தீமை நினைத்தீர்கள், கடவுள் அதை நன்மையாக முடித்தார் என்று யோசேப்பு சொன்னான். அதைச் சொல்லும் உரிமை அவனுக்கு இருந்தது. குழிக்கு மேலே நின்றுகொண்டு அண்ணன்மார், ‘தம்பி, கடவுள் இதை நன்மையாக முடிப்பார், கவலைப்படாதே’ என்று எட்டிப் பார்த்துச் சொல்லியிருந்தால் எப்படி இருக்கும்? நம் சபைகளில் பாதிப் பிரசங்கம் குழியின் விளிம்பிலிருந்துதான் வருகிறது.

நம் பாட்டிமார்கள் தங்கள் பாடுகளைச் சிட்சை என்று சொல்லியிருக்கிறார்கள். களத்துமேட்டில் அடிபட்டு வந்த இரவில், ‘ஆண்டவர் என்னை விட்டுடல, ஏதோ சொல்லிக்குடுக்கிறாரு’ என்று சொல்லிவிட்டு மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போன பெண்கள் அவர்கள். அந்த வார்த்தையை அவர்களிடமிருந்து நாம் பிடுங்க வேண்டியதில்லை. அவர்கள் அதைச் சொல்லி எழுந்து நடந்தார்கள். மேடை அதே வார்த்தையைச் சொல்லி நம்மை உட்காரவைக்கிறது. எபிரெயர் 12ஆம் அதிகாரமே இந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கிறது. சிட்சையைப் பற்றிப் பேசி முடித்தவுடன் 12, 13ஆம் வசனங்களில் அது கேட்பது என்ன? தளர்ந்த கைகளைத் தூக்கு, தள்ளாடும் முழங்காலை நிமிர்த்து, முடவர்கள் இன்னும் இடறாமல் நடக்கப் பாதையை நேராக்கு. எத்தனை சிட்சைப் பிரசங்கம் இந்த இரண்டு வசனம் வரை வந்திருக்கிறது? பாதையை நேராக்கு என்பதை எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நேரடியாகவே எடுத்துக்கொண்டார். கல்லறைக்குப் பொதுவழி கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். ‘விசுவாசமில்லாதவன்’ என்று சபைக் கமிட்டியில் பெயர் வாங்கினார்.

அடுத்து அதே அதிகாரத்தின் 15ஆம் வசனம். கசப்பான வேர் முளைத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்ற எச்சரிக்கை. சாதியைப் பற்றிப் பேசும் இளைஞன் எவனும் இந்த வசனத்தால் அடி வாங்காமல் தப்பியதில்லை. ‘தம்பிக்குள்ள கசப்பு இருக்கு, ஜெபிச்சுக்குவோம்.’ கூட்டம் முடிந்ததும் தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். வேரைத் தேடுபவர்கள் மண்ணைத் தோண்ட வேண்டும். இரண்டு கல்லறை, இரண்டு தேர்ப்பாதை, வரன் பார்க்கும்போது மட்டும் ஞாபகம் வரும் சாதி, பேராயர் தேர்தலில் எண்ணப்படும் சாதி ஓட்டு: வேர் அங்கே ஓடுகிறது. கசப்பு நம் நாக்கில் தெரிகிறது என்பதற்காக, கொடி நம் வயிற்றிலா முளைத்திருக்கிறது?

இன்னொரு மேடைப் பேச்சு இருக்கிறது. படித்த பிள்ளைகளிடம் பேசும்போது அதைத்தான் எடுக்கிறார்கள். ‘எஸ்.சி. சலுகை போனது கிறித்துவுக்காக நீ சுமக்கும் சிலுவை. அதை இழப்பது சிட்சை, அதில் நீ புடமிடப்படுகிறாய்.’ இதற்குப் பதில் சொல்ல இறையியல் வேண்டாம், அரசிதழ் போதும். அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரால் பிறப்பிக்கப்பட்டது. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்று அதன் 3ஆம் பத்தி சொன்னது. 1956இல் சீக்கியர்களுக்காகத் திருத்தினார்கள். 1990இல் பௌத்தர்களுக்காகத் திருத்தினார்கள். இரண்டும் சரியான திருத்தங்கள், நாம் வரவேற்கிறோம். மனிதர்கள் எழுதி, மனிதர்கள் இரண்டு முறை திருத்திய ஒரு பத்தியைக் கடவுளின் கையெழுத்து என்று நம்மிடம் காட்டுகிறார்கள்.

எழும்பூர் காந்தி இர்வின் பாலச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரானவர். தெருவோரத்தில் செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறித்தவர் என்பதால் அவருக்கு இல்லை என்றார்கள். அவர் அதைச் சிட்சை என்று எடுத்துக்கொண்டு ஊசியை எடுத்துத் தைக்கப் போகவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது: மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆய்வு ஆதாரம் காட்டப்படவில்லை என்றது நீதிமன்றம். கவனியுங்கள், ஆதாரம் கேட்டார்கள். அந்த ஆதாரம் யார் வீட்டுப் பெட்டியில் இருந்தது? ஒவ்வொரு மறைமாவட்டத்தின், ஒவ்வொரு திருமண்டலத்தின் கல்லறைப் பதிவேட்டில் இருந்தது. சபைக்குள் சாதி இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத் தயங்கிய தலைமைகளின் மௌனத்துக்கு விலை கொடுத்தவர் ஒரு செருப்புத் தொழிலாளி. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 3ஆம் பத்தியை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். நாம் அடிபட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடவும் இந்தப் பத்திதான் குறுக்கே நிற்கிறது. இதைச் சிலுவை என்று சொல்பவர்கள் தங்கள் பள்ளிகளின், கல்லூரிகளின் நியமனப் பட்டியலை வெளியிடட்டும். அங்கே எத்தனை பேர் இந்தச் சிலுவையைச் சுமந்தவர்கள் என்று எண்ணிவிடலாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். 2003இல் தமிழக ஆயர்களைச் சந்தித்த இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் தீண்டாமை நடக்கிறது என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். வரவேற்கிறோம். ஆனால் ஒப்புக்கொள்வது மனந்திரும்புதலின் முதல் படி மட்டும். சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான். ஒரு கொள்கை ஆவணம் எந்தச் சுவரையும் தானாக இடிக்காது.

சபைக்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வேறு சபைக் கூட்டத்துக்குப் போனால் நடவடிக்கை, சந்தா கட்டாவிட்டால் வாக்குரிமை இல்லை, பதிவுத் திருமணம் செய்துகொண்டால் நற்கருணை நிறுத்தம். கல்லறையில் தலித் உடலை விடமாட்டேன் என்று தடி எடுத்தவருக்கு எத்தனை ஞாயிறு நற்கருணை நிறுத்தினார்கள்? நம் தெருக்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே வருகிறோம். ஒரே ஒரு பெயரை இதுவரை யாரும் சொல்லவில்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதம் வருகிறது. நேசிக்கிறவர்களைக் கடிந்துகொண்டு சிட்சிக்கிறேன் என்ற செய்தி அவற்றில் எந்தச் சபைக்குப் போகிறது? ஏழ்மையில் வாடிய சிமிர்னாவுக்கு இல்லை. அதற்கு ஆறுதல் போகிறது. சிட்சைக் கடிதம் லவோதிக்கேயாவுக்கு. கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமல் சொந்தக் காசில் எழும்பிய பணக்கார ஊர் அது. எனக்கு ஒரு குறையுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த சபை அது. ஆண்டவர் அந்தக் கோயிலுக்கு வெளியே கதவருகில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே விடவில்லை. வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அவருக்குப் பக்கத்தில்தான் நாமும் நிற்கிறோம்.

நமக்குச் சிட்சையே கிடையாதா என்றால், உண்டு. பறையர் சபையில் அருந்ததியருக்குப் பின்வரிசை என்றால் கொரிந்தியர் 11 அங்கேயும் வாசிக்கப்பட வேண்டும். மாலை மேடையில் சமத்துவம் பேசிவிட்டு இரவு வீட்டில் மனைவியை அடிக்கும் தோழருக்கும் அந்தக் கடிதம் உண்டு. பந்தியைப் பிரிக்கும் கை யாருடையது என்பதுதான் கேள்வி. அந்தக் கை எந்தத் தெருவில் இருந்தாலும் விலாசம் அதுதான்.

மாணவர்கள் கேட்பீர்கள், இப்போது என்ன செய்வது என்று. அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முந்திய வாரம் உங்கள் போதகரிடம், பங்குத்தந்தையிடம் மரியாதையாகப் போங்கள். அய்யா, இந்த முறை 17ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள் என்று கேளுங்கள். வாசித்தால் நன்றி சொல்லுங்கள். வாசிக்க மறுத்தால் யூத் கூட்டத்தில் நீங்களே வாசியுங்கள், அத்தைகளையும் பாட்டிகளையும் கூப்பிட்டு உட்காரவைத்து வாசியுங்கள். அதோடு உங்கள் ஊர்க் கல்லறையின் வரைபடத்தையும் வரையுங்கள். யார் எந்தப் பக்கம், நடுவில் சுவரா வேலியா, சவம் போகும் வழி எது, மழைக்காலத்தில் எந்த வழி என்று ஒரு தாளில் குறித்து, போட்டோ எடுத்து வையுங்கள். 1985இல் நீதிமன்றம் கேட்டது இதைத்தான். எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எட்டு ஊர்களின் வரைபடம் ஏற்கெனவே வந்திருக்கிறது.